தொழில்நுட்பக் குழுவுக்கு எந்த ஆவணத் தளம்? எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நொய்யல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நூற்பாலைகளுக்கான உற்பத்திக் கண்காணிப்பு மென்பொருளை உருவாக்கும் ஒரு கோவைக் குழுவில் பணிபுரிகிறேன். நாங்கள் மொத்தம் 35 பேர். அவர்களில் 22 பேர் நிரல் எழுதுபவர்கள், 5 பேர் சோதனையாளர்கள், 6 பேர் வாடிக்கையாளர் உதவிப் பிரிவினர். மீதமுள்ள இருவர் ஆலைகளுக்கே சென்று மென்பொருளை நிறுவித் தருபவர்கள். ஏபிஐ (பிற நிரல்கள் எங்கள் மென்பொருளோடு பேசும் வழி) விளக்கங்கள் ரெப்போவின் (நிரல் கோப்புகளின் களஞ்சியம்) ரீட்மீ கோப்புகளிலும், நிறுவும் முறை கூகுள் டாக்ஸிலும், பிழை தீர்க்கும் குறிப்புகள் ஐந்தாண்டுகளுக்கு முன் எங்கள் சொந்தச் சர்வரில் ஏற்றிய ஒரு விக்கியிலும் சிதறிக் கிடக்கின்றன. அந்த விக்கியைப் பராமரித்தவர் வேறு வேலைக்குப் போன பிறகு அதை யாரும் புதுப்பிக்கவில்லை, தொடவே அஞ்சுகிறோம்.

எல்லாவற்றையும் ஹோஸ்டிங் வசதியுடன் கூடிய ஒரே தளத்துக்கு மாற்ற வேண்டும் என்று முடிவாகியுள்ளது. கன்ஃப்ளூயன்ஸ், கிட்புக், ரீட் த டாக்ஸின் வணிகப் பதிப்பு, நம்மூர் டாக்குமெண்ட்360 ஆகிய நான்கையும் பார்த்தோம். டெமோவில் நான்கும் அழகாகவே இருக்கின்றன. அதுதான் என் சிக்கல். எந்த அளவுகோலை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதில் குழுவுக்குள் உடன்பாடு இல்லை. இரண்டு விவரங்களைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர்களிடம் எங்கள் மென்பொருளின் 3ஆம், 4ஆம் பதிப்புகள் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேலும், பல ஆலைகளில் மென்பொருள் இருக்கும் கணினிக்கு இணைய இணைப்பு கிடையாது.

பழைய_சிஸ்அட்மின் எழுதியது:

நண்பரே, எடிட்டர் எப்படி இருக்கிறது, தேடல் பெட்டி எங்கே இருக்கிறது என்பவற்றைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, எழுதிய எழுத்து எங்கே வாழ்கிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் நான்கிடமும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன பட்டியல் அப்போதே இரண்டு குடும்பங்களாகப் பிரிந்துவிடும்.

முதல் குடும்பத்தில் எழுத்து உங்கள் ரெப்போவில், சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். தளம் அதை எடுத்துப் பக்கங்களாக மாற்றிக் காட்டும் வேலையை மட்டுமே செய்யும். ரீட் த டாக்ஸ் 2010 முதல் இதைத்தான் செய்துவருகிறது. பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக உருவாகி 2008இல் வெளிவந்த ஸ்ஃபிங்க்ஸையும், அதைவிட எளிய எம்கேடாக்ஸையும் (இரண்டும் எழுத்துக் கோப்பைப் பக்கமாக்கும் கருவிகள்) அது பில்ட் செய்து, அதாவது ஓட்டிப் பக்கங்களாக்கித் தரும். இரண்டாம் குடும்பத்தில் எழுத்து தளத்தாரின் தரவுத்தளத்துக்குள் இருக்கும். நீங்கள் உலாவி வழியாக அதைத் தொடலாம். 2004இல் வந்த கன்ஃப்ளூயன்ஸ் இந்த வகை. நோஷனும் டாக்குமெண்ட்360ம் அப்படியே.

கிட்புக்கின் கதை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2014இல் பிரான்ஸின் லியோன் நகரில் தொடங்கியபோது அது திறமூலக் கட்டளைவரிக் கருவியாகவே பரவலாக அறியப்பட்டது. பலர் அதைத் தங்கள் கணினியிலேயே ஓட்டிப் புத்தகம் செய்தார்கள். 2018இல் நிறுவனம் முழுமையாக ஹோஸ்டட் சேவையாக மாறியது; பழைய கருவியின் வளர்ச்சி நின்றது. கருவியை மட்டும் நம்பியிருந்தவர்களும் எழுத்தை மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு எழுத்துமுறையில் வைத்திருந்ததால் வேறு கருவிக்கு நகர முடிந்தது. இன்றைய கிட்புக் தன் எடிட்டரையும் கிட்ஹப், கிட்லேப் ரெப்போக்களையும் இருவழியாக ஒத்திசைக்கிறது. அந்த ஒத்திசைவை முதல் நாளிலேயே இயக்கி வைத்தவர்களுக்கு அது முதல் குடும்பம், இயக்காதவர்களுக்கு இரண்டாம் குடும்பம்.

இரண்டு பதிப்புகள் ஓடுகின்றன என்று நீங்கள் சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான வரி. 3ஆம் பதிப்பின் நிரல் ரெப்போவின் ஒரு கிளையிலும் (தனியே வளரும் பிரதி) 4ஆம் பதிப்பின் நிரல் இன்னொரு கிளையிலும் இருக்கும்போது, அவற்றுக்கான ஆவணமும் அந்தந்தக் கிளையிலேயே இருந்தால் கூடுதலாக எதையும் செய்யத் தேவையில்லை. ரீட் த டாக்ஸ் ஒவ்வொரு கிளையையும் டேகையும் (வெளியீட்டுக்கு இட்ட பெயர்க்குறி) தனிப் பதிப்பாக வெளியிட்டு, வாசகருக்கு ஒரு பதிப்புத் தேர்வியையும் தந்துவிடும். கன்ஃப்ளூயன்ஸில் ஒரு பக்கத்தின் பழைய நிலைகளைத் திரும்பிப் பார்க்கலாமே ஒழிய, மென்பொருளின் வெளியீட்டுக்கு இணையான ஆவணத் தொகுப்பு என்ற கருத்து அதற்கு இயல்பாக இல்லை. அதற்குக் கூடுதல் செயலி வாங்க வேண்டும், அல்லது ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ஸ்பேஸைப் (பக்கங்களின் தொகுதி) படியெடுக்க வேண்டும். படியெடுத்த இரண்டும் மூன்றாவது மாதத்திலேயே ஒன்றுக்கொன்று முரண்படத் தொடங்கும். இதை நான் இரண்டு இடங்களில் பார்த்துவிட்டேன்.

வெண்பலகை எழுதியது:

நான் பதினோராண்டுகளாகத் தொழில்நுட்ப எழுத்தாளராக இருக்கிறேன். முந்தைய பதிவில் சொன்னவை அனைத்தும் உண்மையே. ஆனால் அவை 22 பேரின் பக்கத்திலிருந்து பார்த்த உண்மை. மீதமுள்ள 13 பேரைப் பற்றி ஐயா ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

நான் முன்பு பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) எல்லா ஆவணங்களையும் விக்கியிலிருந்து ரெப்போவுக்கு மாற்றினோம். நிரலாளர்கள் மகிழ்ந்தார்கள். ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) ஆவண மாற்றமும் சேர்ந்து வந்தது. ஏபிஐ பக்கங்கள் முதல்முறையாக நிரலோடு ஒத்துப்போயின. உதவிப் பிரிவினரிடம், ரெப்போவை நிர்வகிக்கும் கிட் என்றால் என்னவென்று அரைநாள் வகுப்பு எடுத்தோம். அவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த ஆறு மாதங்களில் அவர்களிடமிருந்து வந்த புல் ரிக்வெஸ்டுகளை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, பகிரப்பட்ட ஒரு விரிதாளில் நானூறுக்கும் மேற்பட்ட வரிகளில் அவர்கள் தனியே ஓர் அறிவுக் களஞ்சியத்தையே உருவாக்கி வைத்திருந்தார்கள். வாடிக்கையாளரின் பிழைச்செய்தி, அதன் உண்மையான காரணம், சொல்ல வேண்டிய பதில் என்று அத்தனையும் அதில் இருந்தது. நிறுவனத்திலேயே அதிகம் பயன்பட்ட ஆவணம் அதுதான். அது எந்தத் தளத்திலும் இல்லை, எந்தத் தேடலிலும் அகப்படவில்லை.

உதவிப் பிரிவில் இருப்பவர் தொலைபேசியைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு வாக்கியத்தை இரண்டு நிமிடத்தில் திருத்த வேண்டும். கிளை உருவாக்கி, கமிட் செய்தி எழுதி, பில்ட் முடியக் காத்திருந்து, ஒப்புதல் கேட்டு நிற்கும் பாதை அவருக்கானது அல்ல. கிட்ஹப்பிலேயே உலாவி வழியாகத் திருத்தலாமே என்று உடனே யாராவது சொல்வீர்கள். திருத்தலாம்; ஆனால் படம் ஒன்றை ஒட்டுவதற்கும் அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்ப்பதற்கும் அங்கே படும் பாட்டைப் பார்த்தவர்கள் அதைத் தீர்வு என்று சொல்ல மாட்டார்கள்.

டேனியேல் புரோசிடா முன்வைத்த டயாடாக்சிஸ் என்ற பகுப்பு பலருக்குத் தெரிந்திருக்கும்: பயிற்சிப் பாடம், செய்முறை வழிகாட்டி, பார்த்தறியும் விவரம் (ரெஃபரன்ஸ்), விளக்கம் என நான்கு வகை. தளத்தைத் தேடும் முன் உங்கள் பக்கங்களை இந்த நான்கில் பிரித்துப் பாருங்கள். அதோடு ஒவ்வொரு பக்கமும் நிரல் மாறும்போது மாறுகிறதா, வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி மாறும்போது மாறுகிறதா என்று ஒரு குறியிடுங்கள். ஒரே தளம் என்ற உங்கள் முடிவே சரியா என்பது அப்போது தெரியும்.

அடிக்குறிப்பு எழுதியது:

ரெப்போவில் எழுத்துக் கோப்பாக இருந்தால் எங்கும் கொண்டுபோகலாம் என்பதற்கு ஒரு சிறு திருத்தம். "கவனிக்க" என்று ஒரு பெட்டி போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ஃபிங்க்ஸின் எழுத்துமுறையான ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்டில் இரண்டு புள்ளிகளில் தொடங்க வேண்டும். எம்கேடாக்ஸில் மூன்று ஆச்சரியக்குறிகள். டாக்குசாரஸ் என்ற இன்னொரு கருவியில் மூன்று முக்காற்புள்ளிகள். கிட்புக்கில் நெளிவு அடைப்புக்குறிக்குள் விழுக்காட்டுக் குறியுடன் ஒரு தனி நிரல்துண்டு. கிட்ஹப்பில் மேற்கோள் குறிக்குள் சதுர அடைப்பு. ஒரு பெட்டிக்கே ஐந்து எழுத்துமுறை என்றால் டேப், விரியும் பகுதி, உட்பொதித்த காணொளி ஆகியவற்றின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். டாக்குசாரஸில் ரியாக்ட் (இணையப் பக்கங்களுக்கான நிரலகம்) கூறுகளைப் பக்கத்துக்குள்ளேயே எழுதத் தொடங்கிவிட்டால் அது மார்க்டவுன் என்ற பெயரில் இருக்கும் நிரல். வேறு எந்தக் கருவியும் அதைப் படிக்காது.

ஆகவே எந்தத் தளமானாலும், வாங்கும் முன் வெளியேறிப் பாருங்கள். உங்களிடமுள்ள மிகச் சிக்கலான இருபது பக்கங்களை உள்ளே ஏற்றி, சோதனைக்காலம் முடிவதற்குள் எக்ஸ்போர்ட் செய்து, வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். அட்டவணைகள் உயிரோடு இருக்கின்றனவா, உள் இணைப்புகள் கோப்புகளையே சுட்டுகின்றனவா அல்லது அந்தத் தளத்தின் முகவரியையே இன்னும் சுட்டுகின்றனவா, படங்கள் கூடவே வந்தனவா என்ற மூன்றைப் பார்த்தால் போதும். விற்பனையாளர் காட்டும் டெமோவில் ஒருபோதும் இடம்பெறாத காட்சி இது.

நொய்யல் எழுதியது:

மிக்க நன்றி. வெண்பலகை அக்கா சொன்ன விரிதாள் கதையைப் படித்தவுடன் எங்கள் உதவிப் பிரிவில் போய்க் கேட்டேன். எங்களிடமும் ஒன்று இருக்கிறது. 260 வரிகள். எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

இன்னொரு கேள்வி. மாதாமாதம் கட்டணம் கட்டுவதற்குப் பதிலாக புக்ஸ்டாக் அல்லது விக்கி.ஜேஎஸ் போன்ற திறமூல விக்கியை எங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாமே என்று மேலாளர் கேட்கிறார். "ஒருமுறை போட்டுவிட்டால் போதுமே" என்பது அவர் வாதம்.

பழைய_சிஸ்அட்மின் எழுதியது:

முதலில், வெண்பலகை அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். 13 பேரை மறந்துவிட்டேன்; சர்வர் அறையிலேயே இருபதாண்டுகள் கழித்ததன் பக்கவிளைவு.

மேலாளரின் கேள்விக்கு வருகிறேன். ஒருமுறை போட்டுவிட்ட விக்கி ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொடவே அஞ்சுகிறோம் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். புக்ஸ்டாக் நல்ல மென்பொருள், எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வந்த அன்றே அதை ஏற்றுவதற்கு ஓர் ஆள் பெயர் குறிப்பிட்டு நியமிக்கப்படாத இடத்தில் சொந்த ஹோஸ்டிங் என்பது தள்ளிப்போட்ட விபத்து. 2022 ஜூனில் கன்ஃப்ளூயன்ஸின் சொந்தச் சர்வர் பதிப்புகளில் வெளிப்பட்ட சிவிஇ-2022-26134 என்ற பாதுகாப்பு ஓட்டையை நினைத்துப் பாருங்கள். கணக்கோ கடவுச்சொல்லோ இல்லாமல் வெளியிலிருந்து எவரும் அந்தச் சர்வரில் தம் கட்டளையை ஓட்டலாம் என்ற அளவுக்கு அது பெரிதாக இருந்தது. திருத்தம் வெளிவருவதற்கு முன்பே தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. 2023 அக்டோபரில் இன்னொன்று. 2024 பிப்ரவரி 15உடன் அந்தச் சர்வர் பதிப்புக்கான ஆதரவே முடிந்துவிட்டது. அதன்பின்னும் அதை ஓட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகப் பிரார்த்திப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அதற்காக ஹோஸ்டட் சேவை என்றால் கவலையில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரல் 5 அன்று, கன்ஃப்ளூயன்ஸை நடத்தும் அட்லாசியனில், பழைய செயலி ஒன்றை நீக்குவதற்காக ஓடிய ஸ்கிரிப்டுக்குச் செயலியின் அடையாள எண்களுக்குப் பதிலாக வாடிக்கையாளர் தளங்களின் அடையாள எண்கள் தரப்பட்டுவிட்டன. அரை மணி நேரத்துக்குள் 883 தளங்கள் நீக்கப்பட்டன. 775 வாடிக்கையாளர்கள் தங்கள் தளங்களுக்கான அணுகலை இழந்தார்கள். எல்லாவற்றுக்கும் பேக்கப் இருந்தது. ஆனால் பலரின் தரவு ஒன்றாகக் கலந்திருக்கும் பேக்கப்பிலிருந்து, மற்றவர்களின் புதிய மாற்றங்களைத் தொடாமல் இந்த 775 பேரை மட்டும் பிரித்து மீட்பதற்குத் தயாரான வழி இல்லை. சிலருக்கு இரண்டு வாரம் வரை ஆனது. விபத்து நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த குறிப்புகளே கன்ஃப்ளூயன்ஸில் இருந்தவர்கள் அந்த நாட்களில் என்ன செய்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கேதான் ரெப்போ வகையின் ஒரு நன்மை தெரியும். யாரும் திட்டமிட்டுப் பேக்கப் எடுக்காவிட்டாலும், ரெப்போவைக் குளோன் செய்த (முழுதாகப் படியெடுத்த) ஒவ்வொருவரின் மடிக்கணினியிலும் முழு வரலாற்றோடு ஒரு பிரதி இருந்துவிடுகிறது. தரவுத்தள வகையைத் தேர்ந்தெடுத்தால், வாரம் ஒருமுறை தானாக எக்ஸ்போர்ட் ஆகி உங்கள் இடத்தில் வந்து விழும்படி செய்யுங்கள். அவசரகாலக் குறிப்புகளை மட்டுமாவது பிடிஎஃப் ஆக அச்சிட்டு ஒரு கோப்பில் வையுங்கள். சிரிக்காதீர்கள், மின்சாரம் போன நாளில் எங்களைக் காப்பாற்றியது அந்தக் கோப்புதான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் நிரலாளர் அல்ல; மென்பொருள் சந்தாக்களை வாங்கும் பக்கம் இருப்பவன். விலைப்பக்கத்தில் தெரியாத செலவுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெரும்பாலான விக்கித் தளங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடுகின்றன. அதில் எழுதுபவருக்கு மட்டுமா, வாசிப்பவருக்குமா என்று கேளுங்கள். 35 பேரில் உண்மையில் எழுதுபவர் எட்டுப் பேராக இருக்கலாம். கட்டணம் 35 பேருக்குப் போகும். நாளை வாடிக்கையாளர்களுக்கும் கடவுச்சொல்லுடன் ஒரு பகுதியைத் திறந்துவிட வேண்டும் என்றால் கணக்கு வேறாகிவிடும்.

அடுத்தது எஸ்எஸ்ஓ. நிறுவனக் கணக்கின் வழியாக நுழையும் வசதியைப் பல தளங்கள் மேல்நிலைத் திட்டத்தில்தான் வைத்திருக்கின்றன. கன்ஃப்ளூயன்ஸுக்கு அது அட்லாசியன் கார்டு (Guard) என்ற தனிச் சந்தா. வேலையை விட்டுப் போனவரின் அணுகலை ஒரே இடத்தில் நிறுத்துவதற்கான வசதி இது, ஆடம்பரம் அல்ல. ஆகவே அடிப்படைத் திட்டத்தின் விலையை ஒப்பிடாமல், எஸ்எஸ்ஓ கிடைக்கும் திட்டத்தின் விலையையே ஒப்பிட வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்கினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்ட வேண்டும்; பின்னர் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் பணம் முதலில் வெளியே போகும். 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கார்டிலிருந்து தானாகப் போகும் தொடர் கட்டணங்களுக்கு முன்பதிவும் முன்னறிவிப்பும் வேண்டும். வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அந்த வரம்பு முதலில் 5,000 ரூபாயாக இருந்து 2022 ஜூனில் 15,000 ஆனது. எங்களுடைய ஒரு வெளிநாட்டுச் சந்தா இந்தக் காரணத்தால் புதுப்பிக்கப்படாமல் நின்று, மின்னஞ்சல் எச்சரிக்கை வேலையை விட்டுப்போன ஒருவரின் பெட்டிக்குப் போய், ஒரு திங்கட்கிழமை காலையில் முழுக் குழுவும் வெளியே நின்றது. ஆண்டுச் சந்தாவாக, இன்வாய்ஸ் முறையில் வாங்குங்கள். பில்லிங் முகவரியாக ஒரு தனிநபரின் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள்.

ஒரு கேள்வியும் உண்டு. உதவிப் பிரிவின் குறிப்புகளில் ஆலைத் தொழிலாளர்களின் பெயரும் வருகைப் பதிவும் தெரியும் திரைப்பிடிப்புகள் (ஸ்க்ரீன்ஷாட்) ஒட்டப்படுகின்றனவா? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றையும் தனிநபர் தரவாகவே பார்க்கும். தளத்தை மாற்றும் முன் அவற்றை மறைத்துவிடுவது நல்லது.

யாழ்தேவி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் பயனர் கையேடுகளைச் செய்கிறோம். நூற்பாலை என்று நீங்கள் சொன்னதால், தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் படிக்கும் பகுதி தமிழில் இருக்குமோ என்ற எண்ணத்தில் இதைச் சொல்கிறேன். இல்லையென்றால் கடந்து சென்றுவிடுங்கள்.

ஸ்ஃபிங்க்ஸின் பெரும் பலம் மொழிபெயர்ப்பு. மூலப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பத்தியையும் பிரித்தெடுத்து, மொழிபெயர்ப்புக்கான கெட்டெக்ஸ்ட் வகைக் கோப்பாகத் தந்துவிடும். மூலம் மாறினால் எந்தப் பத்தியின் மொழிபெயர்ப்பு பழையதாகிவிட்டது என்று அந்தக் கோப்பே காட்டும். தரவுத்தள வகைத் தளங்கள் பலவற்றில் மொழிபெயர்ப்பு என்றால் ஒரு பக்கத்தின் முழுப் பிரதி. எந்த வரி பின்தங்கியிருக்கிறது என்று கண்ணால் தேட வேண்டும்.

ஆனால் அதன் உள்ளமைந்த தேடல் தமிழுக்கு உதவாது. அது எழுதப்பட்ட பைத்தானின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துக் கோலங்களைத் தேடும் முறை) "சொல்லெழுத்து" என்ற வகைக்குள் நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் சேர்வதில்லை. எனவே "நிறுவுதல்" என்ற சொல் அந்தத் தேடலுக்கு "ந", "ற", "வ", "தல" என்று நான்கு துண்டுகளாகத் தெரிகிறது. பயனர் எதைத் தேடினாலும் எல்லாப் பக்கமும் வரும், அல்லது ஒன்றும் வராது. யூனிகோடின் சொல்லெல்லை விதிகளைப் பின்பற்றும் தேடல் இயந்திரங்களில், எலாஸ்டிக்சர்ச்சின் ஸ்டாண்டர்ட் டோக்கனைசர் போன்றவற்றில், இந்தத் துண்டாடல் நேராது. அப்போதும் "நிறுவலுக்கு", "நிறுவினால்", "நிறுவியபின்" எல்லாம் ஒரே வேர்ச்சொல் என்று அறிய ஸ்டெம்மர் வேண்டும். ஸ்னோபால் என்ற ஸ்டெம்மர் தொகுப்பில் தமிழுக்கும் ஒன்று இருக்கிறது. எந்தத் தளம் அதை இயக்கி வைத்திருக்கிறது என்பதைத் தேடிப் பார்த்தே அறிய வேண்டும். சோதனைக் காலத்தில் பத்துத் தமிழ்ச் சொற்களை வேற்றுமை உருபுகளோடு தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இணையமில்லாத ஆலைகளுக்குப் பிடிஎஃப் தேவைப்படும் அல்லவா? ஸ்ஃபிங்க்ஸின் இயல்பான பிடிஎஃப் பாதையான பிடிஎஃப்லேடெக் தமிழைச் சரியாகக் கையாளாது. அமைப்புக் கோப்பில் ஸீலேடெக்குக்கு மாற்றி, நோட்டோ தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட்டால் நன்றாக வரும். புக்ஸ்டாக் இயல்பாகப் பயன்படுத்தும் டொம்பிடிஎஃப் என்ற கருவியோ எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்குவதால், "செ" என்பதில் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அப்படி அச்சான ஒரு கையேட்டை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு நாங்கள் பட்ட வெட்கம் போதும்.

வெண்பலகை எழுதியது:

யாழ்தேவி சொன்ன தேடல் செய்தி எனக்கே புதிது. நன்றி.

டாக்குமெண்ட்360 பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சொல்கிறேன். கோவையின் கோவை.கோ நிறுவனத்தின் தயாரிப்பு அது. வாடிக்கையாளர் படிக்கும் உதவித் தளத்துக்காகவே அமைக்கப்பட்டது. மார்க்டவுன் எடிட்டரும் வேர்டு போன்ற எடிட்டரும் இரண்டும் உண்டு. ஒரு கட்டுரை வரைவிலிருந்து ஒப்புதலுக்கும் வெளியீட்டுக்கும் நகரும் படிநிலைகளை நீங்களே வகுத்துக்கொள்ளலாம். உதவிப் பிரிவின் 260 வரிகளுக்கு ஏற்ற வீடு அந்த வகைதான். ஏபிஐ ஆவணத்தை ரெப்போவை விட்டு அங்கே கொண்டுபோவதைத்தான் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தத் தளமானாலும் சொந்த டொமைனில் வையுங்கள். தளத்தார் தரும் துணைமுகவரியில் வெளியிட்டால், உங்கள் மென்பொருளின் உதவிப் பொத்தான்களும் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களும் அந்த முகவரியையே சுட்டிக்கொண்டிருக்கும். தளம் மாறும் நாளில் அத்தனையும் உடையும். ஆலைகளில் நிறுவப்பட்ட பழைய பதிப்பின் உதவிப் பொத்தானை நீங்கள் திரும்பப் போய்த் திருத்த முடியாது. சொந்த டொமைனும், பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் வசதியும் இருந்தால் தளம் மாறியதே வாசகருக்குத் தெரியாது.

அடிக்குறிப்பு எழுதியது:

எம்கேடாக்ஸ் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒரு வரி: அதன் புகழ்பெற்ற மெட்டீரியல் என்ற தோற்ற வார்ப்புருவை (தீம்) உருவாக்கியவர்கள் 2025 நவம்பரில் அதைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றிவிட்டு, ஜென்சிக்கல் என்ற புதிய கருவியில் இறங்கியிருக்கிறார்கள். இன்று புதிதாகத் தொடங்குபவர் இதை அறிந்தே தொடங்க வேண்டும்.

நொய்யல் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோரும் சொன்னதைச் செய்து பார்த்தோம்.

மொத்தம் 312 பக்கங்கள் இருந்தன. நிரலோடு மாறுபவை 118, வாடிக்கையாளர் கேள்வியோடு மாறுபவை 87. மீதமுள்ள 107 பக்கங்களை இப்போது யாரும் உரிமை கோரவில்லை. பெரும்பாலானவை நாங்கள் கைவிட்ட அம்சங்களைப் பற்றியவை. அவற்றைக் காப்பகத்தில் போட்டுவிட்டோம். எக்ஸ்போர்ட் சோதனையில் ஒரு தளம் படங்களையெல்லாம் தன் முகவரியிலேயே விட்டுவிட்டு எழுத்தை மட்டும் தந்தது. இன்னொன்றில் இணைந்த கட்டங்களுள்ள அட்டவணைகள் சிதைந்தன. தமிழ்த் தேடலில் பத்துச் சொற்களில் ஆறுக்கு மேல் எந்தத் தளமும் தேறவில்லை. பெயர்களைச் சொல்வது நியாயமல்ல, எங்கள் பக்கங்களின் அமைப்பும் விசித்திரமானதுதான்.

118 பக்கங்களை ஸ்ஃபிங்க்ஸில் எழுதி ரெப்போவில் வைத்து ரீட் த டாக்ஸின் வணிகப் பதிப்பில் வெளியிடுவது என்றும், 87 பக்கங்களையும் அந்த 260 வரிகளையும் உதவிப் பிரிவே தேர்ந்தெடுக்கும் ஒரு விக்கியில் வைப்பது என்றும் முடிவு செய்திருக்கிறோம். இரண்டும் எங்கள் சொந்த டொமைனின் கீழ் இருக்கும். ஆவணக் கோப்புறைக்குக் கோட்ஓனர்ஸ் (பொறுப்பாளர் பட்டியல்) கோப்பில் இரண்டு பேரின் பெயரைப் போட்டுவிட்டோம்; அவர்களில் ஒருவராவது பார்க்காமல் மெர்ஜ் ஆகாது. "ஒரே தளம்" என்று கேட்ட மேலாளரிடம் இரண்டு தளங்களுக்கு ஒப்புதல் வாங்கப் பட்ட பாட்டைத் தனி இழையாகத்தான் எழுத வேண்டும்.

ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது. 3ஆம் பதிப்பின் பழைய ஆவணங்களையும் ஸ்ஃபிங்க்ஸுக்கு மாற்ற வேண்டுமா? அந்தப் பதிப்புக்கு இன்னும் ஓராண்டு ஆதரவு தருகிறோம். புதிய அம்சம் எதுவும் சேராது.

பழைய_சிஸ்அட்மின் எழுதியது:

மாற்ற வேண்டாம். பழைய விக்கியிலிருந்து அந்தப் பக்கங்களை வெறும் ஹெச்டிஎம்எல் கோப்புகளாக ஒருமுறை இறக்கி, உங்கள் டொமைனின் கீழ் 3 என்ற பாதையில் அப்படியே வைத்துவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், இது 3ஆம் பதிப்புக்கானது என்ற ஒரு வரியும் 4ஆம் பதிப்பின் இணையான பக்கத்துக்கான இணைப்பும் போதும். அதே கோப்புகளை ஜிப் செய்து, நிறுவச் செல்லும் இருவரிடமும் பென்டிரைவில் கொடுத்துவிடுங்கள். இணையமில்லாத ஆலைகளுக்கு அதுவே கையேடு. இறக்கி முடித்து எண்ணிக்கையைச் சரிபார்த்த அன்று மாலையே அந்தப் பழைய விக்கி சர்வரை அணைத்துவிடுங்கள்.